மூங்கிலுக்குள் ஓர் அப்பன்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏன் இந்த ஆள் இப்படிக் குதிக்கிறான் என்று யாரும் கேட்கக் கூடாது. நான் ஒரு தவளைக்கு ரசிகன். சும்மா 'தவளை பிடிக்கும்' என்கிற ரகம் இல்லை, வெறி! இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அவ்வளவுதான். களக்காடு முண்டந்துறை மலையில் நாணல் மூங்கிலுக்குள் குடியிருக்கும் அந்தப் பச்சைத் தவளைக்கு ரசிகர் மன்றம் வைக்கச் சொன்னால் நாளைக்கே ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிடுவேன். விஞ்ஞானப் பெயர் ராவோர்கெஸ்டெஸ் கலசோடெஸ். வாய்க்குள் நுழையவில்லையா? எனக்கும் நுழையாமல்தான் இருந்தது. இப்போது நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். வெண்புள்ளிப் புதர்த் தவளை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். நான் 'மூங்கில்காரர்' என்கிறேன். ஆமாம், 'ர்' போட்டுத்தான். அவர் செய்கிற காரியம் தெரிந்தால் நீங்களும் 'ர்' போடுவீர்கள்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், இடத்தை விட்டுவிட்டு இவரைப் பற்றிப் பேசவே முடியாது. கீழே திருநெல்வேலி வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மலையேறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி குலுங்கும், இடுப்பு கழன்றுவிடும், அதையெல்லாம் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வளைவுக்கு வளைவு காற்று மாறும், வேர்வை அடங்கும், காது அடைக்கும். மாஞ்சோலையில் கையை வெளியே நீட்டினால் மேகம் நனைக்கும். அதற்கும் மேலே காக்காச்சிக்குப் போனால், சட்டைக்குள் சில்லென்று ஏறுகிற குளிரில், காலையில் கீழே பட்ட வெயில் பொய்யோ என்று சந்தேகம் வரும். அகத்தியமலைத் தொடர் இது. களக்காடு, முண்டந்துறை என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகமாக்கினார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். தென்மேற்குப் பருவமழையும் இங்கே கொட்டும், வடகிழக்கும் சும்மா போகாது. புலி இருக்கிறது, யானை இருக்கிறது, சிங்கவால் குரங்கு இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் நான் போனது அதற்கெல்லாம் இல்லை.

அந்தக் காட்டுக்குள் இஷ்டத்துக்கு இரவில் சுற்ற முடியாது, சுற்றவும் கூடாது. அனுமதி வாங்கி வேலை செய்கிற ஓர் ஆய்வுக் குழுவோடு, கெஞ்சிக் கூத்தாடி, 'பையைத் தூக்கி வருகிறேன், வாயே திறக்க மாட்டேன்' என்று சத்தியம் செய்து ஒட்டிக்கொண்டேன். பையைத் தூக்கினேன். வாயைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இனி நாணல் மூங்கில். நாம் கோயில் பந்தலுக்கும் ஏணிக்கும் வெட்டுகிற கெட்டி மூங்கில் இல்லை இது. ஒக்லாண்ட்ரா ட்ராவன்கோரிகா என்று பெயர், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. கேரளத்தில் 'ஈற்ற' என்பார்கள், பாய் முடைய, கூடை முடைய, காகிதக் கூழுக்கு என்று வெட்டுவார்கள். ஓடைக் கரைகளில் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே நுழைந்தால் திசை தெரியாத அளவுக்கு அடர்ந்து நிற்கும். யானைக்கு இது என்றால் உயிர், அதனால் உள்ளே நுழையும்போது உங்களுக்குக் கொஞ்சம் உயிர் போகும். தண்டின் சுவர் மெல்லியது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் நீளமான வெற்றுக் குழல். விரலால் சுண்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று 'டொக்'கென்று சொல்லும். ஆனால் எல்லாக் குழலும் அப்படிச் சொல்லாது! அங்கேதான் இருக்கிறது சங்கதி.

சில குழல்களில், அடிக்கணுவை ஒட்டி, ஒரு சின்னக் கீறல் இருக்கும். பூச்சி குடைந்ததோ எலி கடித்ததோ, எப்படியோ விழுந்த ஓட்டை. சில மில்லிமீட்டர்தான் அகலம். ஓரம் பழுப்பேறிக் கிடக்கும். பாய் முடைகிறவர் பார்த்தால் 'சொத்தை' என்று ஒதுக்குகிற குழல். என் மூங்கில்காரருக்கு அதுதான் வீடு. தானாக ஓட்டை போடத் தெரியாது அவருக்கு, அதற்கான பல்லும் இல்லை, நகமும் இல்லை. ஆயிரக்கணக்கான தண்டுகள் நிற்கிற காட்டில், யாரோ போட்டுவிட்டுப் போன சரியான ஓட்டையை, சரியான அகலத்தில், சரியான இடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அடியில் ஓட்டை இருந்தால்தான் உள்ளே தண்ணீர் தேங்காமல் வடியும், அதேசமயம் உள்ளே ஈரம் மட்டும் குறையாது. வெளியே மழை அடித்து நொறுக்கினாலும் உள்ளே கதகதவென்று, ஈரப்பதமாக, இருட்டாக, யாரும் எட்டிப் பார்க்க முடியாமல். சொந்த வீடு கட்ட லோன் போட்டு அலைகிற நமக்கு இதன் அருமை தெரியாதா என்ன!

இப்போது அந்த இரவுக்கு வாருங்கள். என் பக்கத்தில் நில்லுங்கள். சாயங்கால மழை விட்டு இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. காலுறைக்கு மேல் தடவிய மூக்குப்பொடியையும் மதிக்காமல் அட்டைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இந்தக் காட்டில் எந்தத் தூரில் எந்தத் தண்டு ஆடுகிறது என்று சொல்லக்கூடியவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கையைக் காட்டுகிறார், எல்லோரும் டார்ச்சை அணைக்கிறோம். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு, கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று இமையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற இருட்டு. பிறகு காது திறக்கிறது. முதலில் சில்வண்டுகள். அப்புறம் ஒவ்வொன்றாகப் புதர்த் தவளைகள், இலைமேல் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று, 'டிக் டிக் டிக்' என்று விதவிதமான வேகத்தில். புதர்த் தவளைகளில் ராவோர்கெஸ்டெஸ் என்ற இந்தப் பேரினத்துக்குப் பெங்களூரைச் சேர்ந்த விலங்கியலாளர் சி.ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-ல் பெயர் வைத்தார்கள். 70-க்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாம் சின்னஞ்சிறிசு, ஆண் கூப்பிடும்போது தொண்டைக்குக் கீழே ஊதுகிற குரல் பை கண்ணாடியாகத் தெரியும். அந்தக் கச்சேரியே போதும், காசு கொடுத்துக் கேட்கலாம். ஆனால் அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "அதெல்லாம் இல்ல சார், இந்தா, இத கேளுங்க" என்றார்.

கேட்டேன். எங்கேயோ இருந்து, இலையிலிருந்தும் இல்லை, தரையிலிருந்தும் இல்லை, என் இடுப்பு உயரத்தில், ஏதோ ஒன்றுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தச் சத்தத்தை எழுத்தில் இறக்கினால் அசிங்கமாகிவிடும், அதனால் எழுத மாட்டேன். குரலைவிட அது வந்த இடம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. மூங்கிலுக்குள்ளிருந்து வருகிறது! ஒரு தண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்! காட்டில் நிற்கிற ஒரு தண்டு கூப்பிடுகிறது! எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. நான் பாட்டுக்கு "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவர் முழங்கையைப் பிடித்து இழுக்க, அவர் மெதுவாக, "சும்ம நில்லுங்க சார், அவன் வெளிய வர்ற நேரம்தான்" என்றார்.

பொதுவாக ராத்திரியில் இப்படிக் காத்திருந்தால் கொட்டாவி வரும், கால் மரக்கும், யாராவது இருமிக் கெடுப்பார்கள். அன்றைக்கு எனக்கு எதுவும் இல்லை. மங்கலான வெளிச்சம் ஒன்றைத் தண்டின் பக்கவாட்டில் படும்படி பிடித்தார்கள். அடிக்கணுவுக்கு மேலே, அந்தக் கீறலில், ஒரு மூக்கு. அப்புறம் இரண்டு கண். கருமணியைச் சுற்றித் தங்கத் திட்டு. அப்படியே நின்றுவிட்டார், வெளியே யார் எவர் என்று பார்க்கிறார். நான் மூச்சை நிறுத்திவிட்டேன். ஒரு கை வந்தது. விரல் நுனியில் வட்டமாகப் பட்டை, அது தண்டின் வழுக்கலான பச்சையில் 'பச்'சென்று ஒட்டியது. இன்னொரு கை. தோளைச் சாய்த்தார். உடம்பைத் தட்டையாக்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, என்ன உணர்ச்சி அது என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சில மில்லிமீட்டர் கீறல் வழியாக ஒரு முழுத் தவளை பிதுங்கிக்கொண்டு வருகிறது ஐயா, தலை வந்து, வயிறு வந்து, கடைசியில் ஒரு பின்னங்காலை இழுத்தார் பாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது தெரியாமல் மறைந்திருந்த தொடையின் உட்புறம் அப்போது தெரிந்தது. சாம்பல் கலந்த நீலம்! முதுகு முழுக்க ஒளிர்கிற பச்சை, தொடையில் நீலம், கண்ணில் தங்கம், இவ்வளவையும் வைத்துக்கொண்டு இந்த மனுஷர் பகல் முழுக்க ஒரு குழாய்க்குள் யாருக்கும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தண்டுக்குத் தாவினார், போய்விட்டார். நான் இருட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, "இதுக்குப் போயா இப்படித் துள்ளுதிய?" என்றார். அவருக்கு இது தினசரிக் காட்சி. எனக்குக் குலதெய்வம் எதிரே வந்த மாதிரி.

ஏன் அப்படித் துள்ளினேன் என்று தெரிய வேண்டுமானால் இவருடைய கதையைக் கேட்க வேண்டும். 1876-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆல்பர்ட் குந்தர் என்கிற விலங்கியலாளர், திருவிதாங்கூர் மலையிலிருந்து போன மாதிரியை வைத்து இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார். அதோடு சரி. ஆள் காணோம். ஆண்டுக்கணக்கில் இல்லை, தலைமுறைக் கணக்கில் காணோம். பாட்டன் போய், பூட்டன் போய், வெள்ளைக்காரன் போய், சுதந்திரம் வந்து, மாநிலங்கள் பிரிந்து, எவர் கண்ணிலும் படவில்லை. 2010-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு, இந்தியாவில் தொலைந்துபோன நீர்நில வாழ்விகளைத் தேடுகிற இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். 50 இனங்கள் கொண்ட பட்டியல். அடுத்த ஆண்டு முதல் கட்டமாக அறிவித்த 5 இனங்களில் நம்ம ஆளும் ஒருவர். கடைசியாகப் பார்த்து 136 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடிப்பு! 136 ஆண்டு! கண்டுபிடித்தவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று. பொறாமைதான், மறைக்கவில்லை. இத்தனை நாளும் எங்கே இருந்தார் என்கிறீர்கள்? மூங்கிலுக்குள். வேறெங்கும் போகவில்லை, ஓடவில்லை, ஒளியவில்லை, வீட்டிலேயேதான் இருந்தார். நாம்தான் கதவு எங்கே என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தோம்.

கதை அதோடு முடிந்திருந்தாலே நான் ரசிகனாகியிருப்பேன். ஆனால் அடுத்த பாகம் இருக்கிறது, அதுதான் பாகம்! கே.எஸ். சேஷாத்ரி என்ற ஆய்வாளர், கே.வி. குருராஜா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் பிக்ஃபோர்டு ஆகியோரோடு சேர்ந்து, இவர் அந்தக் குழலுக்குள் என்னதான் செய்கிறார் என்று பார்த்தார். 2015-ல் லண்டனின் லின்னேயன் சங்க உயிரியல் ஆய்விதழில் கட்டுரை அச்சாகி வந்தது. அதுவரை உலகத்துத் தவளைகள் குடும்பம் நடத்துகிற முறைகளைச் சுமார் 40 என்று எண்ணி வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலே ஒரு கதைப் புத்தகம். தாயின் முதுகுத் தோலுக்குள் முட்டை புதைந்து வளர்கிற சுரினாம் தேரை, தலைப்பிரட்டைகளைத் தன் குரல் பைக்குள்ளேயே வைத்து வளர்க்கிற சிலி நாட்டு டார்வின் தவளை, இப்படி ஒவ்வொன்றும் நம்பவே முடியாத ரகம். அந்தப் பட்டியலில் அதுவரை இல்லாத புதிய முறை ஒன்று நம்ம திருநெல்வேலி மலையிலிருந்து போய்ச் சேர்ந்தது! உயிரோடு நிற்கிற மூங்கிலின் கணுவிடைக் குழலுக்குள், தண்ணீரே இல்லாமல், முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற முறை. கேரளத்தின் கக்கயம் பகுதியிலிருந்து 2007-ல் விவரிக்கப்பட்ட ராவோர்கெஸ்டெஸ் ஒக்லாண்ட்ரே என்ற உறவுக்காரரும் இப்படித்தான் என்று அதே கட்டுரையில் இருக்கிறது. மூங்கிலில் முட்டையிடுகிற தவளைகள் வேறு நாடுகளிலும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவை தண்ணீர் தேங்கிய மூங்கிலில் இட்டு, தலைப்பிரட்டை நீந்தி வளர்கிற ரகம். நம்மவர் வீட்டில் நீச்சலே கிடையாது.

தலைப்பிரட்டையே கிடையாது என்றால் நம்புகிறீர்களா? பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தோமே, முட்டை, வால் வைத்த தலைப்பிரட்டை, கால் முளைத்த தலைப்பிரட்டை, தவளை என்று, அந்தப் படத்தையே கிழித்துப் போட்டுவிட்டார் இவர். இந்தப் பேரினத்தில் எல்லோருமே அப்படித்தான். முட்டைக்குள்ளேயே எல்லா மாற்றமும் நடந்து முடிந்து, வெளியே வரும்போது கை கால் கண் எல்லாம் வைத்த, நகக்கண்ணில் உட்காரக்கூடிய அளவுக்கு ஒரு முழுத் தவளை வரும். குளத்தில் இடுகிற பெரிய தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு விதிப்படி நடக்கட்டும் என்று போய்விடும். இங்கே 5 முதல் 8 முட்டை. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்பதால் ஒவ்வொன்றும் வைரம்.

இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள், நான் அந்தக் குழலுக்குள் பார்த்ததைச் சொல்லப் போகிறேன். மறுநாள் பகல். ஆய்வுக் குழுவிடம் எண்டோஸ்கோப் இருந்தது, ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதே ஜாதி, மெல்லிய ஒயர், நுனியில் கேமரா, பொடி விளக்கு. கீறல் வழியாக நிதானமாக உள்ளே விட்டார்கள். திரையில் முதலில் வெறும் மஞ்சள் பச்சை, மங்கல், மூங்கிலின் உட்சுவர், அதில் வேர்த்த ஈரம், ஒயர் அரை விரல் கூட நகர்ந்திருக்காது, எனக்கு அதற்குள் வாயெல்லாம் உலர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம், அங்கே, சுவரில் ஒட்டிக்கொண்டு, வெந்த ஜவ்வரிசியாகக் கண்ணாடிக் குமிழ்கள்! ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஏதோ ஒன்று, வெளிறி, சுருண்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று துடித்தது, சத்தியமாகத் துடித்தது, உள்ளே திரும்பிப் படுத்தது, நான் 'ஆ' என்று கத்தியிருப்பேன், பக்கத்தில் இருந்த மாணவி என் வாயைப் பொத்தாத குறை. கேமரா இன்னும் கொஞ்சம் திரும்பியது. அங்கே அவர். முட்டைகளை ஒட்டினாற்போல், தலையை ஓட்டைப் பக்கம் திருப்பி, நாலு காலையும் மடக்கி, அசையாமல். கேமரா வெளிச்சம் கண்ணில் பட்டது, தங்கம் மின்னியது, ஆனாலும் நகரவில்லை. ஒரு கண், விளக்கோடு, வீட்டுக்குள் புகுந்து முறைக்கிறது, இவர் ஓடவில்லை. இரண்டரை சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு, வாசலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா இல்லையா என்று கேட்டேன். "அம்மா முட்டை வெச்சுட்டுப் போயிடுவாங்க சார், அப்புறம் எல்லாம் அப்பாதான்" என்றார் மாணவி. எல்லாம் அப்பாதான்! கூப்பிட்டது அப்பா, வீடு பார்த்து வைத்தது அப்பா, காவல் அப்பா. சில வாரங்கள், இரவும் பகலும், சாயங்காலத்துக்கு மேல் கொஞ்ச நேரம் போய் இரை தின்றுவிட்டு வருவதைத் தவிர அந்தக் குழல்தான் அவர் உலகம். முந்தின இரவில் கீறலில் மூக்கை நீட்டி, வெளியே யார் என்று அத்தனை நேரம் பார்த்துவிட்டு வந்தாரே ஒருவர், அது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிற ஆள் தெருவைப் பார்க்காமல் போவாரா! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இன்னொரு தடவ பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டேன். "ஒரு தடவதான்னு சொன்னிய" என்று அண்ணாச்சி சிரித்தார். ஆனால் தள்ளி நின்று இடம் விட்டார்.

எதற்கு இவ்வளவு காவல், மூங்கிலுக்குள் யார் வந்துவிடப் போகிறார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பதில் கேட்டால் பகீரென்றிருக்கும்: அடுத்த வீட்டு ஆண் தவளை! சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் 2018-ல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். காவலுக்கு இருக்கும் ஆணை அப்புறப்படுத்தினால் முட்டைகளின் கதி என்ன ஆகிறது என்று சோதித்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் முட்டைகள் பிழைப்பது வெகுவாகக் குறைந்துபோனது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண்கள் உள்ளே புகுந்து முட்டைகளைத் தின்கின்றன. வில்லன் வெளியூர்க்காரன் இல்லை, சொந்த ஜாதிதான். யோசித்துப் பாருங்கள், நல்ல ஓட்டை உள்ள குழல் காட்டில் எத்தனை கிடைக்கும்? வீட்டுக்கு அலைகிற ஓர் ஆளுக்கு, காலியான வீடும் கிடைத்து, உள்ளே சாப்பாடும் இருந்தால்? அதனால்தான் அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குடும்பப் பாசம், வீட்டுத் தகராறு, கொலை, தியாகம் எல்லாம் ஒரு முழத்துக்குள். மெகா சீரியல் எடுப்பவர்கள் எதற்கு ஸ்டுடியோ போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

ஒரு குறையும் இல்லையா என்றால், இருக்கிறது, சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால். அட்டை கடிக்கும், ரத்தம் நிற்காது. நான் எடுத்த புகைப்படங்களில் ஒன்றில்கூட அவர் முகம் தெளிவாக இல்லை, பச்சையில் பச்சை, பார்க்கிறவர்கள் 'எங்கே தவளை?' என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான் குறை. அட்டைக் கடி ஆறிவிட்டது. புகைப்படத்தை நான் பார்க்கும்போது எனக்குத் தெரிகிறது, அது போதும்.

ஆனால் கொண்டாட்டத்துக்கு நடுவில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இவர் 'மிக ஆபத்தான நிலை' என்று உலகப் பட்டியலில் இடம்பெற்றவர். காப்பகத்துக்குள் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நாணல் மூங்கில் காப்பக எல்லையோடு நின்றுவிடுவதில்லை, மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பல இடங்களில் வெட்டுப்படுகிறது. இவருக்குக் காடு இருந்தால் மட்டும் போதாது, காட்டுக்குள் நாணல் மூங்கில் வேண்டும், மூங்கிலில் முற்றிய குழல் வேண்டும், குழலில் ஓட்டை போட ஒரு பூச்சியோ எலியோ வேண்டும், அந்த ஓட்டை அடிக்கணுவை ஒட்டி விழ வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் ஒரு குடும்பம். ஒரு தூரை மொத்தமாகச் சாய்த்தால் எத்தனை அப்பாக்கள் நடுத்தெருவுக்கு வருவார்கள் என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவருக்குத் தெரிவது வெறும் தண்டுதான். வெட்டிப் பிழைப்பவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எங்கே வெட்டலாம், எப்போது வெட்டலாம், எந்தத் தூரை மழைக்காலம் முடியும்வரை விட்டுவைக்கலாம் என்று முடிவெடுக்கிறவர்கள் ஒரே ஒரு முறை அந்த எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும், அது போதும்.

நான் திரும்பி வந்த பிறகு என் வீட்டில் நடப்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்கு இவர் கதை இலவசம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு இலவசம். என் மைத்துனர் ஒருவர், கைக்குழந்தையைத் தூக்கவே யோசிப்பவர், அவரை உட்காரவைத்து முட்டைக் காவல் படலத்தை முழுதாகச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. வெற்றி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை, அரசாங்கத்துக்கே நேராக. தமிழ்நாட்டுக்கு மாநில விலங்கு வரையாடு, மாநிலப் பறவை மரகதப் புறா, மாநில மலர் செங்காந்தள், மரம் பனை. 2019-ல் வண்ணத்துப்பூச்சிக்கும் இடம் கொடுத்து 'தமிழ் மறவன்' என்று கம்பீரமாகப் பெயரும் வைத்தீர்கள், கைதட்டினோம். தவளைக்கு என்ன குறை? 136 ஆண்டு காணாமல் போயும் மண்ணை விட்டு அசையாதவர், உலக உயிரியல் பட்டியலில் புதிதாக ஒரு வரி எழுதவைத்தவர், மனைவி போன பிறகு தனியாளாகப் பிள்ளைகளைக் காக்கிறவர், உடம்பில் பச்சையும் நீலமும் தங்கமும் வைத்திருந்தும் அலட்டிக்கொள்ளாதவர். இதைவிட என்ன தகுதி வேண்டும்? அறிவியுங்கள் ஐயா, மாநிலத் தவளை என்று. சிலை வேண்டாம், பேனர் வேண்டாம். நாணல் மூங்கில் தூர்களைப் பத்திரமாக விட்டுவைத்தால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.